வசதி உள்ளவரிடம் வரி வாங்கி இல்லாதவருக்குக் கொடுப்பதை உங்கள் ஊர் மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?

எங்கள் ஊர் இலங்கையில், மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம். அரசாங்கம் கொடுப்பது சரியா பிழையா என்று இங்கே யாரும் சண்டை பிடித்து நான் பார்த்ததில்லை. "அவளுக்குக் கிடைத்தது, எனக்கு ஏன் இல்லை?" என்பதுதான் சண்டை.

2023இல் அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப்பணத் திட்டம் வந்தபோது மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என்று நான்கு படிகள் வைத்தார்கள். பட்டியலில் விடுபட்டவர் மேன்முறையீடு செய்யலாம். இடம்பிடித்தவர் மீது மற்றவர்கள் ஆட்சேபனை எழுதலாம். இந்த இரண்டாவது ஏற்பாட்டை யோசித்தவர் ஒரு கிராமத்தில் ஒருநாளும் குடியிருந்திருக்க மாட்டார். வேலிக்கு மேலால் கறி கொடுத்து வாங்கிய இரண்டு பெண்கள் எங்கள் ஒழுங்கையில் இன்றுவரை பேசுவதில்லை. ஒருத்தி கணவனை இழந்தவள், ஆனால் வீட்டுத்திட்டத்தில் கிடைத்த ஓட்டு வீடு. மற்றவளுக்குக் கிடுகுக் கூரை, ஆனால் மகன் கட்டாரில். கணக்கெடுக்க வந்த பிள்ளை கூரையைப் பார்த்து எழுதிக்கொண்டு போனது; குசினிக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

"சும்மா கொடுத்துச் சோம்பேறி ஆக்குகிறார்கள்" என்று தேநீர்க் கடையில் அதிகம் சத்தம் போடுபவர் என் பெரியப்பா. நாலு ஏக்கர் வயல்காரர். ஐம்பது கிலோ உர மூட்டை அரசாங்க மானியத்தில் 350 ரூபாவுக்குக் கிடைத்த காலத்தில் அதை உதவி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மகள் பல்கலைக்கழகத்தில் இலவசமாகப் படித்ததும், அவருடைய குடலிறக்கச் சத்திரசிகிச்சை அரசாங்கப் போதனா வைத்தியசாலையில் இலவசமாக நடந்ததும் அவர் கணக்கில் வருவதே இல்லை. "எங்கள் வரிப்பணம்" என்பார். 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். வயலில் களை பிடுங்கும் பெண்ணும் கடையில் பொருள் வாங்கும்போது அதைக் கட்டிவிட்டுத்தான் வருகிறாள். பெரியப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன், பேச்சை மழைக்கு மாற்றிவிட்டார்.

அதற்காக இங்கே மானியத்தை வெறுக்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பங்கீட்டு அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானதற்காக 1953இல் ஹர்த்தால் செய்து, ஒரு பிரதமரையே பதவி விலகவைத்த நாடு இது.

என்னைக் கேட்டால், புள்ளி போட்டுப் பொறுக்கிக் கொடுப்பதில்தான் வினை. வயதானவர், அங்கவீனமானவர் என்றால் கூரையைப் பார்க்காமல் எல்லோருக்கும் கொடுத்துவிடலாம். செலவு கூடும்தான். ஆனால் ஆட்சேபனைக் கடிதங்களைப் படிக்க ஆள் வைக்கும் செலவு மிச்சமாகும்.

அந்த இரண்டு பெண்களும் மாதக் கிளினிக்குக்கு ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள், ஆளுக்கொரு மூலையில் இருந்துகொண்டு. பிரஷர் குளிசை இருவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அதை எதிர்த்து யாரும் இன்னும் கடிதம் எழுதவில்லை.