"எந்த இடம் நீங்கள்?"

வணக்கம். யாழ்ப்பாணத்தில் உளவியல் பட்டம் முடித்துவிட்டு மருத்துவ உளவியல் பயிற்சிக்கு முயன்றுகொண்டிருக்கிறேன். ஒரு பட்டறையில் பண்பாடு பற்றி நாள் முழுக்க வகுப்பு நடந்தது. பேய் பிடித்தல், நேர்த்திக்கடன், செத்தவீட்டுச் சடங்கு எல்லாம் வந்தன. சாதியைப் பற்றிக் கேட்டேன். "அது அரசியல், சிகிச்சை அறைக்குள் கொண்டுவராதீர்கள்" என்றார் வளவாளர். அவர் சொன்னது சரியா?
— ஒரு மாணவி

அன்புள்ள தங்கைக்கு,

சரியில்லை. சாதியை நீங்கள் கொண்டுவர வேண்டியதேயில்லை, பதிவுத்தாளோடு அது வந்துவிடுகிறது. பெயர், வயது எழுதியதும் "எந்த இடம்?" என்கிறோம். ஊரைச் சொன்னால் "ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி?" என்று பேச்சு நீளும். அது சாதியில்தான் போய் முடியும் என்பது இங்கே பிறந்த எவருக்கும் தெரியும். அதனால் ஒருவர் பக்கத்து ஊரின் பெயரைச் சொல்லிவிட்டு நிலத்தைப் பார்ப்பார். அதைப் போய் "சந்தேக மனப்பான்மை" என்று குறிப்பெழுதும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள்.

போரின் காயத்தைத் தனிமனிதரோடு நிறுத்தாமல் குடும்பம், சமூகம் என்று விரித்துப் பார்க்கவேண்டும் என்பதைப் மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக எழுதிவருகிறார். அது பெரிய காரியம். ஆனால் எந்தச் சமூகம்? 1990இல் போர் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்கிலிருந்து எல்லாச் சாதியினரும்தான் ஓடினார்கள். காணியும் வெளிநாட்டில் உறவும் உள்ளவர்கள் வாடகை வீட்டுக்கோ கொழும்புக்கோ கனடாவுக்கோ போனார்கள். கால் நூற்றாண்டுக்குப் பிறகும் நலன்புரி முகாம்களில் கிடந்தவர்களில் பெரும்பாலோர் காணியற்ற, ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களுடைய நித்திரையின்மைக்கு "போர் மனவடு" என்று மட்டும் பெயர் வைப்பது பாதிக் கதை. சாதியின் பேரால் மறிப்பதைக் குற்றமாக்கி 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மறிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று உங்கள் முன்னால் இருக்கிறார்கள். நேர்த்திக்கடனைப் பாடமாக்கியவர்கள், கோயிலுக்குள் யார் போக முடிந்தது என்பதை ஏன் விட்டார்கள்?

ஏனென்று ஊகிப்பது கடினமல்ல. மருத்துவ உளவியலுக்கான முதுதத்துவமாணிப் (எம்.ஃபில்) படிப்பு ஆங்கிலத்தில், வெளியூர் வாடகையோடு. அதைத் தாங்கக்கூடிய வீட்டுப் பிள்ளைகள்தான் பிறகு வளவாளர்களாகிறார்கள். அவர்களிடம் "எந்தக் கோயிலடி?" என்று யாரும் கேட்டுப் புண்படுத்தியிருக்க மாட்டார்கள். (உங்கள் கடிதத்திலும் உங்கள் இடம் இல்லை. நானும் கேட்கவில்லை.)

முகவரியைக் கேட்காமல் விட முடியாது, மருந்துக்கும் வீட்டுத் தரிசிப்புக்கும் தேவை. எதற்காகக் கேட்கிறேன் என்று முதலில் சொல்லுங்கள், பிரதேச செயலகப் பிரிவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேற்பார்வைக் கூட்டத்தில் ஒரு குறிப்பைப் பெயரும் ஊரும் மறைத்து மேசையில் வையுங்கள், அந்த மனிதர் எந்தக் கேள்விக்குப் பிறகு வாயை மூடினார் என்று காட்டுங்கள். அரசியல் என்று யாராவது சொன்னால், அந்தக் கேள்வியை எழுதியது யார் என்று கேளுங்கள்.