அழ இடமில்லாத கோயில் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பெயர், ஊர் போட வேண்டாம். என் கணவர் விசைப்படகில் போகிறவர். போன வருடம் இலங்கை நேவி படகோடு பிடித்துக்கொண்டு போனது. சில மாதம் அங்கே சிறையில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். அவர் உள்ளே இருந்தபோது நான் தைரியமாகத்தான் இருந்தேன். மனு கொடுக்க அலைந்தேன், குழுக்கடன் கட்டினேன், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன். அவர் வந்த பிறகுதான் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, சும்மா இருக்கும்போதே அழுகை வருகிறது. ராமநாதபுரத்தில் டாக்டரைப் பார்த்தேன். மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். செபக்கூட்டத்தில், "கர்த்தர் உன் புருஷனையே மீட்டுக் கொடுத்திருக்கிறார், நீ மாத்திரை சாப்பிடுகிறாயே, விசுவாசம் எங்கே?" என்று கேட்டார்கள். சாட்சி சொல்லச் சொல்லி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். எனக்கு நன்றி என்ற சொல்லே வரவில்லை. எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். அதோடு மாத்திரையை நிறுத்திவிட்டேன். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவா? நான் நன்றி கெட்டவளா? பாசிட்டிவாக யோசிக்க ஏதாவது புத்தகம் சொல்லுங்கள். பங்குக் கோயிலை விட்டுவிட்டு அவர்கள் சபைக்கே வரச் சொல்கிறார்கள். போகலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

அக்கா என்று எழுதிவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன். வரும் கடிதங்களுக்கெல்லாம் நான் பதில் எழுதுவதில்லை. கிறிஸ்தவர்களாகிய நாம் அழுவதை எப்போது மறந்தோம் என்ற கேள்வி சில மாதமாக என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. அந்த நேரம் பார்த்து உன் கடிதம் வந்தது.

முதலில் மாத்திரை. அதை யாரைக் கேட்டு நிறுத்தினாய்? கொடுத்தவர் டாக்டர். நிறுத்தச் சொல்ல வேண்டியவரும் அவர்தான். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரை முழுதாக வேலை செய்யவே சில வாரம் ஆகும், அதைத் திடீரென்று விடவும் கூடாது. விட்டால் தலைசுற்றல், படபடப்பு எல்லாம் வரும். அதையும் விசுவாசக் குறைவு என்றுதான் சொல்வார்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடாத ஒருத்தராவது அந்தச் செபக்கூட்டத்தில் இருக்கிறாரா, எண்ணிப் பார். இன்றே திரும்பப் போய் நிறுத்தியதைச் சொல். மறுபடி எப்படி ஆரம்பிப்பது என்பதையும் அவரே சொல்லட்டும். நீயாக டப்பாவை எடுத்து விழுங்காதே.

விவிலியத்தில் ஆதாரம் கேட்பார்கள். சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டு. மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. மண்ணிலிருந்து மருந்தைத் தந்தவரே ஆண்டவர்தான், அறிவுள்ளவர் அதைத் தள்ளமாட்டார் என்கிறது. எங்கள் பைபிளில் அந்தப் புத்தகம் இல்லை என்பார்களானால், பவுல் பிரியமாகப் பேர் சொல்லும் லூக்கா யார் என்று கேள். வைத்தியர். அப்புறம் எலியா. அவ்வளவு பெரிய இறைவாக்கினர் சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். வந்த வானதூதர் அவரைக் கண்டிக்கவில்லை. சாட்சியும் கேட்கவில்லை. சுட்ட அப்பமும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறார். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவரை மறுபடி எழுப்பி, மறுபடியும் சாப்பிடச் சொல்கிறார். கடவுள் பேசுவது அதற்கெல்லாம் பிறகுதான்.

மருந்தை விட்டு வேண்டுதலை மட்டும் வைத்தால் என்ன நடக்கும் என்பதை நம் கடற்கரைக்கு வெளியூர்க்காரர் வந்து சொல்ல வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் ஏர்வாடி தர்கா பக்கத்தில் மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். காலில் சங்கிலி. ஓட முடியவில்லை. அங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்கள் ஒரு மதத்துக்காரர்கள் மட்டும் இல்லை. நம் ஆட்களும் நம்பிக்கையோடு கொண்டுபோய் விட்ட இடம்தான் அது. அதன் பிறகு தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே அரசு மருத்துவமும் கிடைக்க வழி செய்தார்கள். துவா என்கிற வேண்டுதலும் உண்டு, மருந்தும் உண்டு. ஏர்வாடி அவ்வளவு விலை கொடுத்துக் கற்றுக்கொண்டதைச் செபக்கூட்டத்தில் இருப்பவர்கள் சும்மாவே கற்றுக்கொள்ளலாம்.

பாசிட்டிவாக யோசிக்கப் புத்தகம் எதுவும் என்னிடம் இல்லை. நீ தேடவும் வேண்டாம். எந்தச் சபைக்குப் போவது என்பதிலும் நான் தலையிடமாட்டேன். உடம்பு தேறும்வரை எந்தப் பெரிய முடிவும் எடுக்காதே, அவ்வளவுதான்.

நன்றி கெட்டவளா என்று கேட்டிருந்தாய். நடுக்கடலில் புயலில் மாட்டிக்கொண்டு வந்தவர்களை உன் தெருவிலேயே கேட்டுப் பார். கடலுக்குள் இருக்கும்வரை கை நடுங்காது. படகைக் கட்டிவிட்டு மணலில் உட்கார்ந்த பிறகுதான் பீடியைக்கூடப் பற்றவைக்க முடியாமல் நடுங்கும். இத்தனை மாதம் உனக்கு அழ நேரம் இருந்ததா? கலெக்டர் ஆபீஸ், மீன்வளத்துறை, குழுத்தலைவி வீடு, பள்ளிக்கூடம் என்று ஓடினாய். அவர் வீட்டுக்குள் கால் வைத்ததும் உன் உடம்பு தன் கணக்கைக் கேட்கிறது. இதில் நன்றிகேடு எங்கே வந்தது?

உன் கடிதத்தில் என்னைக் கொதிக்கவைத்தது அந்த மைக். தூக்கமில்லாமல் வந்து நிற்கிற ஒரு பெண்ணின் கையில் மைக்கைத் திணித்து, சந்தோஷமாக ஒரு சாட்சி சொல் என்று கேட்க எப்படி மனம் வந்தது? அழுதபோதாவது யாராவது எழுந்து வந்து உன் தோளைப் பிடித்தார்களா? அப்படி ஒரு வரி கடிதத்தில் இல்லை. யோபுவின் நண்பர்களைப் பற்றிப் பிரசங்கத்தில் குறைதான் கேட்டிருப்போம். ஆனால் அவர்கள்கூட முதலில் ஏழு நாள், ஏழு இரவு, ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அது. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. நம் கூட்டங்களில் அந்த ஏழு நாளையும் விட்டுவிட்டு நேரே வாயைத் திறக்கிறார்கள்.

சின்ன வயதில் நான் பார்த்த கோயில் அப்படி இல்லை. தவக்காலத்து ராத்திரிகளில் எங்கள் ஊரில் வியாகுலப் பிரசங்கம் வாசிப்பார்கள். உன் அம்மாச்சி உயிரோடு இருந்தால் கேள், அவருக்குத் தெரிந்திருக்கும். உபதேசியார் விளக்குப் பக்கத்தில் நின்று, மகனைப் பறிகொடுத்த தாயின் குரலில் இழுத்து இழுத்து வாசிப்பார். பாதி வாசிப்பு, பாதி ஒப்பாரி. பெண்கள் பக்கம் முதலில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும், அப்புறம் விம்மல், அப்புறம் வாய்விட்டே அழுவார்கள். யாரும் யாரையும் அடக்கமாட்டார்கள்.

என் பெரியம்மாவின் மூத்த மகன் 1964 புயலில் போனவன். தனுஷ்கோடிக்கு வேலைக்குப் போயிருந்தான். உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாததால் எடுத்துப் போட்டு அழ ஒரு சாவு வீடும் இல்லை, மண் போட ஒரு குழியும் இல்லை. மற்ற நாளெல்லாம் பெரியம்மா கருவாடு காயப்போடுவாள், விலை பேசுவாள், எங்களைத் திட்டுவாள். அவள் கண்ணில் நீரைப் பார்க்க முடியாது. வியாகுலப் பிரசங்கத்தில் மாதா மகனின் உடலை மடியில் வாங்கும் இடம் வந்ததும் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொள்வாள். அது போதாமல் போகும். தரையில் கையால் அடித்துக்கொண்டு அவன் பேரைச் சொல்லி அழுவாள். கோயிலுக்குள்ளேதான், பீடத்துக்கு முன்னால்தான். பக்கத்தில் இருக்கும் கிழவி அவள் முதுகில் கையை வைத்தபடி தானும் அழுவாள், அவளுக்கும் நினைத்து அழ அவள் வீட்டில் போன ஆள் இருந்தான். முடிந்ததும் வெளியே மணலில் உட்கார்ந்து எல்லாரும் கடுங்காப்பி குடிப்பார்கள். பெரியம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு, நாளைக்கு எந்தக் கரையில் மீன் இறங்குது என்று விசாரிப்பாள். உனக்கு விசுவாசம் இல்லையா என்று அவளை எந்தச் சாமியாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்தக் கிழவிகள் சும்மா விட்டிருக்கமாட்டார்கள்.

அந்த வியாகுலப் பிரசங்கத்தை எழுதியவர் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள். கோவாக்காரர். 1705-இல் இலங்கைக்கு வந்து, தமிழும் சிங்களமும் கற்று, 1742-இல் அங்கேயே இறந்தார். அப்போது அங்கே டச்சுக்காரர் ஆட்சி. கத்தோலிக்கச் சாமியார்களுக்குத் தடை. ஒளிந்துதான் பூசை வைத்தார்கள், ஒளிந்துதான் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அப்படித் துரத்தப்பட்ட சனங்களுக்கு அந்த மனிதர் எழுதிக் கொடுத்ததைப் பார். வெற்றி வெற்றி என்று கத்தும் பாட்டு இல்லை, அழுவதற்கு ஒரு புத்தகம். அவர்களுக்கு அது தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எந்தக் கரையில் உன் கணவரை அடைத்துவைத்தார்களோ அந்தக் கரையிலிருந்துதான் அது நமக்கு வந்தது.

இப்போது பல ஊரில் அது இல்லை. நீளமாக இருக்கிறது, பழைய தமிழ், பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்கிறார்கள். சரி, ராகம் போகட்டும், தமிழும் போகட்டும். அழ விட்ட இடம் ஏன் போக வேண்டும்? அந்த நேரத்தில் இப்போது கீபோர்டும் டிரம்மும் வந்திருக்கிறது. கை தட்டு, துதி, சிரி. பாட்டு எனக்குப் பிடிக்கும், துதிப்பதும் பிடிக்கும். ஆனால் துதியைத் தவிர வேறொன்றையும் கடவுள் முன்னால் கொண்டுவரக் கூடாது என்று இவர்களுக்கு யார் சொன்னது? 150 திருப்பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 88-ஆம் திருப்பாடலை எடுத்து வாசி. பெரும்பாலான புலம்பல்களில் கடைசியிலாவது ஒரு நம்பிக்கை வரி வரும். இதில் அதுகூட இல்லை. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. அதையும் விவிலியம் என்று வைத்திருக்கிறார்கள், யாரும் கிழித்து எறியவில்லை. கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர்கூட, சாகும் அளவுக்கு என் உள்ளம் துயரப்படுகிறது என்று நண்பர்களிடம் வாய்விட்டுச் சொன்னார். அவர்களைக் கேட்டது ஒன்றுதான், கூட விழித்திருங்கள் என்று. அதைக்கூடச் செய்யாமல் அவர்கள் தூங்கிவிட்டார்கள். சாட்சி கேட்கிறவர்கள் அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் இருந்திருந்தால் அவர் கையிலும் மைக்கைக் கொடுத்திருப்பார்களா?

அழுதாலே சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. பெரியம்மாவுக்கு இருந்தது துக்கம், உனக்கு டாக்டர் சொல்லியிருப்பது நோய். இரண்டும் கலந்து வரலாம், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. அழுகைக்கு ஆள் வேண்டும், நோய்க்கு மருந்து வேண்டும். மருத்துவரை மதிக்கச் சொன்ன அதே சீராக் அதிகாரம், இறந்தவருக்காக வாய்விட்டு அழு, பிறகு மனத்தைத் தேற்றிக்கொள், துயரத்திலேயே கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்றும் சொல்கிறது. மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கிறது. செபக்கூட்டத்தை முழுதாக விட வேண்டும் என்றும் சொல்லவில்லை. அங்கே உன்னைப் பேசச் சொல்லாமல் பக்கத்தில் உட்காரும் ஒருத்தி இருந்தால் அவளைப் பிடித்துக்கொள். இல்லாவிட்டால் செபமாலையோடு வீட்டிலேயே இரு. துக்கத் தேவரகசியங்களை மட்டும் சொன்னாலும் போதும். கடவுள் கோபித்துக்கொள்ளமாட்டார்.

கடைசியாக ஒன்று. கடிதம் முழுக்க உன்னைப் பற்றி எழுதியிருக்கிறாய். சிறையில் இருந்துவிட்டு வந்தவரைப் பற்றி, திரும்பி வந்தார் என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அவர் தூங்குகிறாரா? கடலுக்குப் போகிறாரா? முன்னைவிட அதிகமாகக் குடிக்கிறாரா? நம் கரையில் ஆண்பிள்ளைகளுக்கு வியாகுலப் பிரசங்கம் அன்றைக்கும் இருந்ததில்லை, அவர்கள் வெளியே நின்று பீடி குடித்தார்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போ. துணைக்கு என்று சொல், வருவார். உனக்கோ அவருக்கோ செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதே. 14416-க்குப் போன் செய். அரசாங்க எண், காசு இல்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். பக்கத்து வீட்டையும் தட்டி எழுப்பு.

டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. நீளமாக வேண்டாம், இரண்டு வரி போதும்.

அன்புடன்,
அக்கா