கூட்டுக்குள் சாவு விழுந்தால்: தேனீ, எறும்பு, கறையான் பற்றிய கேள்விகள்

தினமும் காலையில் பெட்டி வாசலில் ஏழெட்டுத் தேனீ செத்துக் கிடக்கிறது. நோயா?

பயப்பட ஒன்றுமில்லை. சுறுசுறுப்பான காலத்தில் பணித்தேனீயின் ஆயுளே சில வாரங்கள்தான். பெரும்பாலானவை வெளியே போன இடத்திலேயே சாகும். உள்ளே செத்தவற்றை இரவிலும் மழையிலும் தூக்கிப் பறக்க முடியாது, வாசலோடு தள்ளிவிடும். எண்ணிக்கையைவிட கோலத்தைக் கவனியுங்கள். ஒரே நாளில் கைப்பிடிக் கணக்கில், நாக்கை நீட்டியபடி செத்துக் கிடந்து, பக்கத்தில் உயிரோடிருப்பவையும் நடுங்கிச் சுழன்றால் பூச்சிமருந்துதான். பெரிய கண்ணுள்ள தடித்தவை மட்டும் கிடந்தால் ஆண் தேனீக்கள். பூ இல்லாத காலத்தில் கூடு அவற்றை வெளியே தள்ளும். பை போல் நீர் கோத்த புழுக்கள் கிடந்தால் உடனே அடையைப் பாருங்கள்: 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியப் பெட்டிகளைக் காலி செய்த தாய்லாந்து சாக்புரூட் வைரஸாக இருக்கலாம். எண்ண வேண்டுமானால் வாசலின் கீழ் வெள்ளைத் துணி விரித்து விடியும்போதே எண்ணிவிடுங்கள். வெயில் ஏறினால் எறும்பு இழுத்துப் போய்விடும், கணக்கு தப்பும்.

செத்ததைத் தூக்குவது எந்தத் தேனீ?

ஐரோப்பியத் தேனீயில் இந்த வேலையில் ஒரு நேரத்தில் ஈடுபடுவது நூற்றுக்கு ஒன்று போலத்தான். தேன் தேடி வெளியே போகத் தொடங்கும் முன்பான நடுவயதுத் தேனீக்கள். காலையோ இறக்கையையோ கவ்விப் பறந்து, பல மீட்டர் தள்ளிப் போட்டுவிட்டு வரும்.

செத்த புழுவைத் தூக்கும் குணம் என் கூட்டத்துக்கு இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

மூடிய பணித்தேனீ அறைகள் நெருக்கமாக உள்ள இடத்தில் 100 அறைகளைத் தேர்ந்தெடுங்கள். கூட்டுப்புழுவுக்குக் கண் நிறம் ஏறியிருக்க வேண்டும். மெல்லிய பூச்சி ஊசியால் மூடி வழியே ஒரே குத்து. நான்கு மூலையிலும் அடையாளம் வைத்துத் திருப்பி வையுங்கள். 24 மணி நேரம் கழித்து எத்தனை அறை முழுதாகக் காலி என்று எண்ணுங்கள். ஏற்கெனவே காலியாக இருந்த அறைகளை முதலிலேயே கழித்துவிட வேண்டும், இங்கேதான் பலர் தவறுகிறார்கள். தடித்த ஊசி வேண்டாம்: கசியும் உடல்நீரே தேனீயை இழுத்து, மதிப்பெண்ணை ஏற்றிவிடும். கூட்டம் நலிந்திருந்தாலோ பூ வரத்து இல்லாவிட்டாலோ நல்ல கூட்டமும் தோற்கும். ஆகவே சில வாரம் கழித்து ஒருமுறை மறுபடி செய்யுங்கள்.

ஆண் அறையில் இந்தச் சோதனை செய்யாதீர்கள். இந்தியத் தேனீயின் ஆண் அறை மூடி கெட்டியானது, நடுவில் ஒரு துளை இருக்கும். உண்ணி (தேனீயின் மேல் ஒட்டி வாழும் சிறு பூச்சி) தாக்கி உள்ளே புழு செத்தால் பணித்தேனீக்கள் பிரித்தெடுக்காமல் அந்தத் துளையை மெழுகால் அடைத்து, உண்ணியோடு அங்கேயே சமாதி கட்டிவிடும். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் உங்கள் எண்ணிக்கைக்கு உதவாது.

செத்த உடலில் உண்டாகும் ஒலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் பட்டால் எறும்பைப் பிணம் என்று தூக்கிப் போடுமாமே? கடலை எண்ணெய் தடவினேன், ஒன்றும் நடக்கவில்லை.

எண்ணெயில் ஒலியிக் அமிலம் கிளிசரினோடு பிணைந்து கிடக்கிறது; எறும்புக்குச் சேதி சொல்வது தனித்த அமிலம். 1958-இல் எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சனும் கூட்டாளிகளும் அமெரிக்க விதைசேகரிப்பு எறும்பில் இதைக் காட்டினார்கள்: உயிருள்ள எறும்பின் மேல் தடவியதும், கால் உதைக்க உதைக்கக் குப்பைமேட்டுக்கு இழுத்துப் போனது கூட்டம். தன்னை நன்றாகத் துடைத்த பிறகே திரும்பச் சேர்த்துக்கொண்டது. ஆனால் செத்த உடலில் இந்த வாசனை தோன்ற நேரமாகும். அர்ஜெண்டினா எறும்பு ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தூக்குகிறது. அங்கே உயிரோடிருப்பதைக் காட்டும் இரு வாசனைப்பொருள்கள் மறைவதுதான் அறிகுறி.

கறையானும் குப்பைமேடு போடுமா?

பொதுவாக இல்லை. மரத்துக்குள்ளேயே வாழும் இனங்களுக்குத் தழைச்சத்து அரிது, அதனால் புதிதாகச் செத்ததைத் தின்றுவிடும். மண்ணுக்கடியில் வாழும் இனங்கள் நாள்பட்டு அழுகியதை மண்ணும் எச்சிலும் குழைத்து மூடும். கறையான் மருந்து மெதுவாகக் கொல்ல வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்: வேகமாகக் கொன்றால் மருந்து கலந்த இரைக்குப் பக்கத்திலேயே பிணம் சேரும், அந்தப் பாதையை மற்றவை மண் வைத்து அடைத்துவிடும்.