நீர்மூழ்கிக் கப்பலும் வட துருவப் பனியும்

அன்புள்ள சார்,

புவி வெப்பமாதல் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். வெப்ப அலைகளையும் துருவப்பனி உருகுவதையும் அதற்குச் சான்றாகச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. புயலும் வெள்ளமும் கடும் வெயிலும் எந்தக் காலத்தில் இல்லை? இப்போது எது நடந்தாலும் பழி ஒரே இடத்தில் போய் விழுகிறது. பனியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1959இல் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று வட துருவத்திலேயே மேலெழுந்து நிற்கும் படம் இருக்கிறது. 1906இலேயே நார்வேயின் துருவப் பயணி அமுண்ட்சென் கனடாவின் வடக்குக் கடல்வழியைக் கப்பலில் கடந்துவிட்டார். அப்படியானால் அன்றும் பனி குறைவாகத்தானே இருந்திருக்கிறது? 2012இல் ஆர்க்டிக் பனி மிகவும் சுருங்கிவிட்டது என்றார்கள், அடுத்த ஆண்டே கூடிவிட்டது. அண்டார்டிகாவில் பல ஆண்டுகள் பனி வளர்ந்ததை யாரும் பேசுவதில்லை. கடைசியாக ஒரு கேள்வி: என்ன நடந்தால் நீங்கள் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?

கே.

அன்புள்ள கே,

உங்கள் கடைசிக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதைக் கடைசியிலேயே வைத்துக்கொள்கிறேன். முதலில் அந்த நீர்மூழ்கிக் கப்பல்.

அதன் பெயர் ஸ்கேட். 1959 மார்ச் 17 அன்று அது வட துருவத்தில் மேலே வந்தது உண்மை. ஆனால் அது திறந்த நீரில் மிதந்து வரவில்லை. ஆர்க்டிக் கடல்பனி ஒரே பாளமாக இருப்பதில்லை. காற்றும் நீரோட்டமும் அதை இழுத்துக்கொண்டே இருப்பதால் அங்கங்கே பிளவு விழும். குளிர்காலத்தில் அந்தப் பிளவு விழுந்த கையோடு மேலே மெல்லிய பனி படர்ந்துவிடும். ஸ்கேட்டின் மாலுமிகள் அப்படி ஒரு மெலிந்த இடத்தைத் தேடிப் பிடித்து, கீழேயிருந்து முட்டி உடைத்துக்கொண்டு மேலே வந்தார்கள். அதற்கென்றே கப்பலின் மேல்கோபுரத்தை முன்கூட்டிப் பலப்படுத்தியிருந்தார்கள். ஆகவே அந்தப் படத்திலிருந்து நாம் தெரிந்துகொள்வது அன்று அந்த இடத்தில் ஒரு பிளவு இருந்தது என்பதை மட்டும்தான்.

இதே கப்பல்கள் வேறு ஒரு வேலையும் செய்தன. பனிக்கு அடியில் போகும் கப்பல், தலைக்கு மேல் பனி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று தெரியாமல் போக முடியாது. அதனால் மேல்நோக்கி ஒலியலையை அனுப்பி அளந்துகொண்டே போனார்கள். பனிப்போர் காலத்தில் அந்தப் பதிவுகள் ராணுவ ரகசியம். பின்னால் அவை வெளியே வந்தபோது ஆய்வாளர்கள் பழைய அளவுகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டார்கள். 1958 முதல் 1976 வரையான பயணங்களில், கோடை முடியும் நேரத்தில், நீருக்குள் இறங்கியிருந்த பனியின் சராசரி ஆழம் 3.1 மீட்டர். 1990களில் அதே பகுதிகளில் அது 1.8 மீட்டர். 1999இல் இந்த ஒப்பீடு வெளியானது. அந்தக் காலத்தில் பனி குறைவு என்று சொல்ல நீங்கள் கொண்டுவந்த சாட்சியே, அன்று பனி தடிமனாக இருந்தது என்று சொல்கிறது. படத்தை அனுப்பியவர்கள் இதையும் சேர்த்து அனுப்பியிருக்க வேண்டும் என்பது என் வருத்தம்.

அமுண்ட்சென் விஷயமும் இப்படித்தான். 1906இல் கடந்து முடித்தார், சரி. ஆனால் புறப்பட்டது 1903இல். ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு சின்னக் கப்பலில் போனவர், மூன்று குளிர்காலங்களை வழியிலேயே கழித்தார். முதல் இரண்டு காந்த ஆய்வுக்காகத் தங்கியவை, மூன்றாவதில் பனியில் சிக்கிக்கொண்டார். 2016இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிய ஓர் உல்லாசக் கப்பல் அலாஸ்காவிலிருந்து அதே வடக்கு வழியில் நியூயார்க் வரை ஏறத்தாழ ஒரு மாதத்தில் போய்ச் சேர்ந்தது.

2012ஐப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அந்தச் செப்டம்பரில் ஆர்க்டிக் கடல்பனி சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. அடுத்த ஆண்டு 50 லட்சத்தைத் தாண்டியது. 2012இன் சாதனை அளவை அதற்குப் பிறகு எந்த ஆண்டும் முறியடிக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளில் கோடைப்பனியே இருக்காது என்று அந்தச் சமயத்தில் சிலர் மேடையேறிச் சொன்னார்கள். அது நடக்கவில்லை. அப்படிப் பேசியது பெரிய தீங்கு என்றே நினைக்கிறேன், ஏனென்றால் உங்களைப் போல் நியாயமாகக் கேட்பவர்களின் நம்பிக்கையை அது கெடுத்துவிட்டது. ஆனால் 1980களில் இந்த அளவு 70 லட்சத்தை ஒட்டி இருந்தது. கூடிவிட்டது என்று கொண்டாடப்பட்ட 2013கூட அதைவிட எவ்வளவோ கீழே. செயற்கைக்கோள் பதிவு 1978இன் இறுதியில் தொடங்குகிறது. 2007 முதல் வந்த ஒவ்வொரு செப்டம்பரும், அதற்கு முன் பதிவான எந்தச் செப்டம்பரையும்விடக் குறைவு. ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் உள்ள ஏற்ற இறக்கத்தைக் காற்றும் மேகமும் முடிவு செய்யும். நாற்பது வருடச் சரிவை அவற்றால் விளக்க முடியாது.

தென் துருவம் அவ்வளவு எளிதில்லை. அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடல்பனி மெல்ல வளர்ந்து 2014இல் இரண்டு கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. 2016இல் திடீரென்று சரிந்தது. 2023 பிப்ரவரியில் 18 லட்சத்துக்கும் கீழே போனது, அதே ஆண்டு குளிர்கால உச்சமும் பதிவிலேயே மிகக் குறைவு. வளர்ந்ததற்கும் சரிந்ததற்கும் காற்று, கடல்பரப்புக்குக் கீழே உள்ள நீரின் வெப்பம் என்று பல காரணங்களை விஞ்ஞானிகள் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே அண்டார்டிகாவின் கடல்பனியை மட்டும் வைத்து இந்த வாதத்தில் எந்தப் பக்கத்துக்காகவும் நான் பேச மாட்டேன். 2014இல் நீங்கள் அதைக் காட்டியிருந்தாலும் பிழை, 2023இல் நான் காட்டினாலும் பிழை.

நிலத்தின் மேல் கிடக்கும் பனி வேறு கதை. டம்ளரில் மிதக்கும் ஐஸ் கட்டி கரைந்தால் நீர்மட்டம் ஏறாது. கடல்பனியும் ஏறக்குறைய அப்படித்தான். கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் கிலோமீட்டர் கணக்கில் உயர்ந்து நிற்கும் நிலப்பனி கரைந்தால் அது கடலுக்கு வந்து சேரும் புது நீர். அதை அளக்கும் முறையை முதல்முறை படித்தபோது வியந்துபோனேன். 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. கீழே நிறை அதிகமுள்ள இடம் வந்தால் முன்னால் போவது முதலில் சற்று இழுபடும், இடைவெளி மாறும். தலைமுடியின் பருமனைவிடச் சிறிய அந்த மாற்றத்தை வைத்துக் கீழே இருக்கும் பனியின் எடை கூடுகிறதா குறைகிறதா என்று கணக்கிட்டார்கள். கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக 27,000 கோடி டன் பனியை இழந்துவருகிறது. அண்டார்டிகா அதில் பாதி அளவை. கடல்பனி வளர்ந்துகொண்டிருந்த வருடங்களிலும் அண்டார்டிகாவின் நிலப்பனி எடை குறைந்துகொண்டுதான் இருந்தது.

அப்புறம் வெயிலும் புயலும். எது நடந்தாலும் ஒரே பழி என்கிறீர்கள். அந்த எரிச்சல் எனக்கும் உண்டு. உலகம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் புயல்களின் எண்ணிக்கை கூடியதாகத் தெரியவில்லை. மிகக் கடுமையான புயல்களின் பங்கு கூடியிருக்கிறது, அவை கொட்டும் மழையும் கூடுகிறது. டொர்னாடோ எனப்படும் சுழல்காற்றுகள் பற்றி உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை. வெப்ப அலையில் இந்தத் தயக்கம் தேவையே இல்லை. கனமழையிலும் காரணம் தெளிவு. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும்.

2021 ஜூன் கடைசியில் கனடாவின் லிட்டன் என்ற சின்ன ஊரில் 49.6 டிகிரி பதிவானது. அந்த நாட்டின் முந்தைய உச்சம் 1937இல் பதிவான 45 டிகிரி. அந்தப் பழைய சாதனை, லிட்டனில் மூன்று நாள் தொடர்ந்து உடைந்தது. வழக்கமாக இப்படிப்பட்ட சாதனை அரை டிகிரி, கால் டிகிரியில்தான் உடையும். மறுநாள் காட்டுத்தீயில் ஊரின் பெரும்பகுதி எரிந்து போனது. இந்த வெப்ப அலை வெப்பமாதலால் வந்ததா என்று கேட்டால் கேள்வியே சரியில்லை. வெப்பமாதல் இல்லாத உலகில் இது எத்தனை அரிதாக வந்திருக்கும், எவ்வளவு சூடாக இருந்திருக்கும் என்றுதான் கேட்க வேண்டும். ஆய்வாளர் குழு ஒன்று அதைத்தான் கணக்கிட்டது. குறைந்தது 150 மடங்கு அரிதாக இருந்திருக்கும், வந்திருந்தாலும் சுமார் 2 டிகிரி குறைவாக இருந்திருக்கும் என்றது விடை. இதே குழு அதே ஆண்டு தெற்கு மடகாஸ்கரின் வறட்சியை ஆராய்ந்தபோது, அதில் வெப்பமாதலின் பங்கு மிகச் சொற்பம், முக்கியக் காரணங்கள் வறுமையும் இயல்பான மழைக்குறைவும் என்று சொன்னது. இல்லை என்ற விடையையும் வெளியிடுபவர்கள் ஆம் என்று சொல்லும்போது அதை நான் கவனித்துக் கேட்கிறேன்.

ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். பனியும் வெயிலும் பூமி சூடாகிறது என்று மட்டும்தான் சொல்லும். சூடாக்குவது யார் என்று சொல்லாது. அதற்குச் சான்று வேறு இடத்தில் இருக்கிறது. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். ஆனால் கீழடுக்கு சூடாக, மேலடுக்கான ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்ந்துகொண்டிருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு கூடினால் இப்படித்தான் ஆகும் என்று 1967இலேயே காலநிலை விஞ்ஞானிகள் மனாபேயும் வெதரால்டும் கணக்குப்போட்டுக் காட்டினார்கள். அளந்து பார்க்கச் சரியான கருவிகள் வருவதற்கு முன்பே வந்த கணக்கு அது. மனாபேக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. எரிமலை வெடிக்காத ஆண்டுகளில் ஸ்ட்ராட்டோஸ்பியரும் தரையோடு சேர்ந்து சூடாகத் தொடங்கினால், நான் நம்பும் காரணம் ஆட்டம் கண்டுவிடும். கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள் போகிறது. சுமார் 4,000 ஆர்கோ மிதவைகள் 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி அதை அளக்கின்றன. கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே இருக்க, அந்தக் கடல் வெப்பம் ஒரு பத்தாண்டு முழுக்க ஏறாமல் நின்றாலும் நான் மறுபடி உட்கார்ந்து யோசிப்பேன். இதுவரை இரண்டும் நடக்கவில்லை. நடந்தால் இங்கேயே எழுதுகிறேன். இதே கேள்விக்கு உங்கள் பதில் என்ன என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், அதையும் இங்கே வெளியிடுகிறேன்.