பேரிக்காய்ச் சாறும் அப்பாரின் மாத்திரையும்

கேள்வி: எங்கள் அப்பாருக்கு வயது 76, 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஈரோட்டில் ஒரு கடையில் நுரைவலை மாட்டி விற்கும் உருண்டையான ஆசியப் பேரி, சர்க்கரையைக் குறைக்கும், சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அப்பாருக்குப் பல் சரியில்லாததால் தினமும் காலையில் இரண்டு பெரிய பழங்களைச் சாறு பிழிந்து கொடுக்கிறோம். பத்து நாட்களாகக் காலை மாத்திரையை நிறுத்தியிருக்கிறோம். விலைதான் கட்டுபடியாகவில்லை. ஊட்டிப் பேரிக்காய் கொடுத்தாலும் இதே பலன் கிடைக்குமா?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: விலையைப் பற்றித்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் போகிற போக்கில் சொல்லியிருக்கும் மாத்திரையிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். நாளைக் காலையிலேயே அப்பாரை அவருடைய மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பத்து நாட்களாக மாத்திரை கொடுக்கவில்லை என்பதையும், அதற்குப் பதிலாக என்ன கொடுத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லி, இரத்தச் சர்க்கரையைப் பார்த்து வாருங்கள். எந்தப் பேரியும் சர்க்கரை நோய் மாத்திரையின் வேலையைச் செய்யாது.

இப்போது அந்தச் சாற்றின் கணக்கைப் பாருங்கள். 100 கிராம் ஆசியப் பேரியில் 88 கிராம் தண்ணீர். மீதியில் ஏறத்தாழ 7 கிராம் சர்க்கரை, மூன்றரை கிராம் நார்ச்சத்து. மொத்தம் 42 கலோரி. நல்ல பெரிய பழம் ஒன்று 275 கிராம் வரை இருக்கும். அப்படி இரண்டைப் பிழிந்தால் 38 கிராம் சர்க்கரை, அதாவது ஒன்பது தேக்கரண்டிக்கு மேல், ஒரே மூச்சில் வயிற்றுக்குள் போகிறது. அந்தச் சர்க்கரை இரத்தத்தில் மெல்லக் கலக்கும்படி பிடித்து வைத்திருக்க வேண்டிய 20 கிராம் நாரின் பெரும்பகுதியையோ சக்கையென்று வடிகட்டி எறிந்துவிடுகிறீர்கள். சர்க்கரை நோய் உள்ளவரும் அளவோடு சாப்பிடக்கூடிய பழங்களில் பேரி ஒன்று என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெயரை அது பெற்றது, தோலோடு மென்று தின்னும் பழமாக இருப்பதால்தான்.

தோலை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பேரியில் உள்ள குளோரோஜெனிக் அமிலம், ஆர்புட்டின் போன்ற, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் தாவரப் பொருட்கள் சதையைவிடத் தோலில்தான் மிகுதி. பழத்தில் இயல்பாக உள்ள சார்பிட்டால் என்னும் இனிப்புப் பொருள் முழுதாகச் செரிக்காமல் பெருங்குடலுக்குச் சென்று அங்கே நீரை ஈர்ப்பதால், மலச்சிக்கலால் துன்பப்படும் முதியவர்களுக்கு இந்தப் பழம் மெய்யாகவே உதவும். அதே காரணத்தால், அளவு மிஞ்சினால் வயிறு உப்பி வயிற்றுப்போக்கும் ஆகலாம். கல்லைக் கரைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வைட்டமின் சி வேண்டுமென்றால் பேரியை நம்ப வேண்டாம்: 100 கிராமில் 4 மில்லிகிராம்தான் இருக்கிறது, கொய்யாவிலோ 200 மில்லிகிராமுக்கு மேல்.

ஊட்டிப் பேரிக்காய்க்கு வருகிறேன். ஐரோப்பியப் பேரியைப் பறித்துச் சில நாள் வைத்தால்தான் குழைந்து பழமாகும். சீனா, கொரியா, ஜப்பான் நாடுகளின் பேரி மரத்திலேயே பழுத்துவிடும். பழுத்த பின்னும் மொறுமொறுவென்றே இருக்கும். பழத்தையும் ‘காய்’ என்றே அழைக்கும் நம் வழக்கு இந்த இனத்துக்கு எவ்வளவு பொருத்தம் என்று நான் வியப்பதுண்டு. கடித்தால் பல்லில் மணல் போல நறநறக்கும் கல்லணுக்கள் இருப்பதால் இதற்கு மணல் பேரி என்றும் ஒரு பெயர் உண்டு. நீலகிரியில் பயிராகும் கீஃபர் என்னும் வகை, 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இந்த மணல் பேரியும் ஐரோப்பியப் பேரியும் கலந்து பிறந்தது. ஆகவே மேட்டுப்பாளையம் வழியாக நம் சந்தைகளுக்கு இறங்கி வரும் மலைப் பேரி, நீங்கள் விலை கொடுத்து வாங்கும் பழத்துக்கு நெருங்கிய உறவுதான். நாரிலும் சத்திலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எளிதில் அடிபட்டுக் கறுத்துப்போகும் மெல்லிய தோலைக் காக்கும் நுரைவலைக்கும், குளிர்பதனக் கிடங்குக்கும், கப்பல் கூலிக்கும்தான் நீங்கள் கூடுதல் பணம் தருகிறீர்கள். அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

அப்பாருக்குப் பல் சரியில்லை என்பதால் சாறுதான் வழி என்று எண்ண வேண்டாம். மருத்துவர் ஒப்புக்கொண்டால், நன்றாகக் கழுவிய பழத்தில் பாதியைத் தோலோடு தேங்காய்த் துருவியில் துருவி, பிழியாமல், சர்க்கரையோ தேனோ சேர்க்காமல் கரண்டியால் சாப்பிடக் கொடுங்கள். மலைப் பேரி கெட்டியாக இருந்தால் தோலோடு மெல்லிய துண்டுகளாக்கி, இட்லிச் சட்டியில் பத்து நிமிடம் ஆவியில் வைத்தால் ஈறாலேயே மெல்லும் பதத்துக்கு வந்துவிடும்.