பிடிஎஃப்பில் 'கொலுசு' உடைகிறதா? காரணம் எழுத்துரு அல்ல

வணக்கம் நண்பரே. சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையின் இணையதளத்தில் வாடிக்கையாளர் கணக்கு திரையில் சரியாக இருக்கிறது, வலைப்பக்கத்தைப் பிடிஎஃப்பாக மாற்றும் நிரலான டாம்பிடிஎஃப்பில் (Dompdf) எடுத்தால் மட்டும் எழுத்து உடைகிறது என்கிறீர்கள். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'கொலுசு' என்பதில் கொம்பும் காலும் சேர்ந்து ககரத்துக்குப் பின்னால் நிற்கின்றன. கொம்பை முன்னால் நகர்த்த வேண்டும் என்பது டாம்பிடிஎஃப்புக்குத் தெரியாது. எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் இதே கதைதான்.

சர்வரில் திரையில்லாத குரோமை, அதாவது சன்னல் எதுவும் திறக்காமல் பின்னணியில் ஓடும் குரோம் உலாவியை (headless Chrome) ஓட்டி, அதிலேயே பிடிஎஃப் எடுங்கள். 2017இல் வந்த 59ஆம் பதிப்பிலிருந்தே இந்த வசதி உண்டு. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சர்வரில் கட்டாயம் நிறுவுங்கள், தமிழ் எழுத்துரு எதுவுமே இல்லாவிட்டால் வெறும் கட்டங்கள்தான் வரும்.

அப்புறம், எடை, டச் (வெள்ளியின் தூய்மை), கூலி என்ற தலைப்பு வரிசையை, அட்டவணைத் தலைப்புக்கான எச்டிஎம்எல் குறியான 'டிஹெட்'டுக்குள் (thead) வைத்தால் ஒவ்வொரு பக்கத்திலும் தானாக வரும். ஜவ்வரிசி ஆலை ஒன்றுக்குச் செய்தபோது அதை விட்டுவிட்டேன். இரண்டாம் பக்கத்தில் எது மூட்டை, எது விலை என்றே தெரியவில்லை.