அறுபது வருடம் விவசாயம் பார்த்த அப்பாவின் வாழ்க்கையை எப்படி எழுதிவைப்பது?

கேள்வி: திருவாரூர் பக்கம் அறுபது வருடம் நெல் விவசாயம் பார்த்த அப்பா போன மாதம் காலமாகிவிட்டார். நினைவு மலருக்கு எழுத உட்கார்ந்தால் "கடும் உழைப்பாளி, நேர்மையானவர்" என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

ஆழ்ந்த இரங்கல். அந்த இரண்டு வார்த்தைகளை எல்லா மலரிலும் போடுகிறார்கள். அவர் எந்த வயலில், எந்த வருடம், என்ன போட்டார் என்பதில்தான் உங்கள் அப்பா இருக்கிறார். அதைத் தேடிப் பிடியுங்கள்.

முதலில் அம்மாவிடம் உட்காருங்கள். "அப்பாவைப் பத்திச் சொல்லும்மா" என்றால் அழுகைதான் வரும். "மேலவயல்ல கடைசியா என்ன நெல்லு போட்டீங்க? அதுக்கு முன்னாடி?" என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போங்கள். டெல்டாவில் ரகம்தான் நாள்காட்டி. ஐஆர் 8 போட்ட வருடம் என்றால் 1966-க்கு முந்தி இருக்க முடியாது. ஆடுதுறை 27 குறுவையில், அதாவது ஜூன் வாக்கில் தொடங்கும் குறுகிய காலப் பயிரில், பரவியது 1960-களின் நடுவில், உங்கள் அப்பா ஏரைப் பிடிக்கத் தொடங்கியிருக்கக்கூடிய காலம். சிஆர் 1009, அதாவது சாவித்திரி, 1980-களில் வந்தது. "பொன்னி" என்று சொன்னால் மட்டும் உடனே எழுதிவிடாதீர்கள். பழைய பொன்னி, 1986-ல் வந்த வெள்ளைப் பொன்னி, ஆந்திரா பொன்னி என்று சொல்லப்படும் பிபிடி 5204 மூன்றையும் அந்த ஒரே பேரில் சொல்வார்கள். எது என்று திருப்பிக் கேளுங்கள்.

ரகம் பிடிபடாத இடத்தில் புயலையும் தண்ணீரையும் வைத்துக் கேளுங்கள். 1977 நவம்பர் நாகைப் புயல், 2018 நவம்பர் 16 கஜா இரண்டும் யாருக்கும் மறக்காது. 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-ல் பாசனத்துக்குத் திறக்கவில்லை. அந்த எட்டு வருடமும் குறுவைக்கு என்ன செய்தார்? போர் தண்ணீரில் ஓட்டினாரா, தரிசாகப் போட்டாரா, பின்னால் வரும் நீண்டகாலப் பயிரான சம்பா மட்டும் பார்த்தாரா? அவர் எப்படிப்பட்ட விவசாயி என்பது இந்த ஒரு பதிலில் தெரிந்துவிடும்.

அளவில்தான் பலர் தவறுகிறார்கள். "மாவுக்குப் பத்து மூட்டை" என்று யாராவது சொன்னால் அதை ஏக்கருக்கு என்று எழுதிவிடாதீர்கள். ஒரு மா என்பது 100 குழி, சுமார் 33 சென்ட். இருபது மா ஒரு வேலி, சுமார் 6.67 ஏக்கர். ஆகவே மாவுக்குப் பத்து மூட்டை என்பது ஏக்கருக்கு முப்பது. மூட்டை 60 கிலோ என்றால் 1,800 கிலோ, இப்போதைய கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ மூட்டை என்றால் 1,200 கிலோ. எந்த மூட்டை என்று கேட்காமல் எழுதினால் அவருடைய விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கைத் தொலைத்துவிடுவீர்கள்.

அடுத்து காகிதங்கள். பட்டாவில் இருப்பது இப்போதைய சர்வே எண். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல எண்கள் மாறின, உட்பிரிவு ஆயின. பழைய பத்திரத்தில் உள்ள எண் பொருந்தவில்லை என்று திகைக்க வேண்டாம், கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம நிலங்களின் பதிவேடான அ-பதிவேட்டைக் காட்டச் சொல்லி ஒப்பிடுங்கள். குத்தகை நிலமும் உழுதிருந்தால் 1969-ம் ஆண்டுச் சட்டப்படி தாசில்தார் அலுவலகத்தில் குத்தகைப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். சொந்த நிலம்போல எழுதி மறைக்காதீர்கள், குத்தகைக்கு உழுது குடும்பத்தை நிறுத்தியது பெரிய காரியம். எல்லாவற்றையும்விடப் பேசுவது கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடன் பாஸ்புக்கும் நகைக்கடன் சீட்டுகளும். அம்மாவின் சங்கிலி எந்த ஆடியில் போனது, எந்த மாசியில் திரும்பியது என்று வரிசையாக அடுக்கினால் வெள்ளாமை பொய்த்த வருடங்கள் தானாகத் தெரியும்.

வீட்டில் நெல் சேமிக்கும் மரப் பத்தாயம் இருந்தால் அதன் உள்பலகையையும் பாருங்கள். கரியிலோ சுண்ணாம்பிலோ கோடுகள் இருக்கலாம், நாலு நேர்க்கோடு, குறுக்கே ஒன்று. மரக்கால் என்ற முகத்தல் அளவையால் நெல்லை அளந்து கொட்டும்போது எண்ணிக்கைக்குப் போட்டவை. ஃபிளாஷ் போட்டு நேராக எடுத்தால் மரத்தின் மினுமினுப்பில் கோடு மறைந்துவிடும். டார்ச்சைப் பலகையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து எடுங்கள். துடைக்கவே துடைக்காதீர்கள்.

வயலுக்கு ஒருமுறை கட்டாயம் போங்கள், அவரோடு நடவு, அறுப்புப் பார்த்தவர்களைக் கூட்டிக்கொண்டு. வரப்பில் நடக்கும்போது ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பேர் சொல்வார்கள், அது பட்டாவில் இருக்காது. எந்த மடை முதலில் திறப்பார், எங்கே தண்ணீர் நிற்கும், கூலியைக் கையில் யார் கொடுத்தது என்று கேளுங்கள். விதைநெல் காயவைத்ததும் கூலி அளந்ததும் பெரும்பாலும் அம்மாவாக இருக்கும், அதையும் அம்மா பேரிலேயே எழுதுங்கள். பதிவு செய்யும்போது போனைச் சட்டைப்பையில் வைத்தால் உரசல்தான் கேட்கும். பேசுபவர் பக்கம் கையில் பிடித்து, மைக் ஓட்டையின் மேல் மெல்லிய கைக்குட்டையை ஒரு மடிப்புப் போட்டால் காற்று இரைச்சல் குறையும். மோட்டார் ஓடாத நேரமாகப் பாருங்கள். ஒரு தடவைக்கு முப்பது நிமிடம் போதும், வயதானவர்களுக்கு அதற்குமேல் களைப்பு வந்துவிடும்.

அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். "கண்டுமுதல்" என்று சொன்னதை "மகசூல்" என்று திருத்தாதீர்கள். மலரில் இடம் குறைவென்றால் பாராட்டுரையைக் குறைத்து, நடுப்பக்கத்தில் வயலின் கைவரைபடத்தைப் போடுங்கள், துண்டுகளின் பேரோடு.